நோன்பும் பட்டினியும்

சித்தூரிலிருந்து மேற்கே பலமனேரை நோக்கிச் செல்லும் சாலையில் பங்காருபாளையம் என்னும் ஊர் உள்ளது. 'பங்காரு' என்பது தெலுங்கில் பொன்னைக் குறிக்கும் சொல். மாந்தோப்புகள் மலிந்த அவ்வட்டாரத்தில் தமிழும் தெலுங்கும் நெடுங்காலமாக அருகருகே வழங்கி வருகின்றன. திருவேங்கடமுடையானை எண்ணிப் புரட்டாசிச் சனிக்கிழமையன்று ஒரு வேளை மட்டும் உண்டிருப்பதை ஆங்குத் தமிழ் பேசுவோர் 'ஒருபொழுது' என்பர். தெலுங்கு பேசுவோர் 'ஒக்கபொத்து' என்பர். சொல் இரண்டாயினும் பொருள் ஒன்றே. இரு மொழியிலும் ஒரே கருத்தால் அமைந்த சொல் வழங்குவது, இப்பழக்கம் மக்கள் வாழ்வில் எத்துணை ஆழமாக வேரூன்றியது என்பதைக் காட்டும்.

இந்த ஒருபொழுது இன்று வேறொரு பெயர் தாங்கி உலகெங்கும் உலவுகின்றது. நாளின் 24 மணி நேரத்தில் 8 மணி நேரத்துக்குள் உண்டு, எஞ்சிய 16 மணி நேரம் உண்ணாதிருத்தல். அல்லது வாரத்தில் 5 நாள் வழக்கம்போல் உண்டு, 2 நாள் மிகக் குறைவாக உண்ணுதல். இத்தகைய முறைகளை 'இடைவிட்ட நோன்பு' என்று அழைக்கின்றனர். இதனால் தீராத நோயே இல்லை என்பார் ஒருபுறம். ஒரு வேளை உணவு தவறினாலும் உடல் கெடும் என்பார் மற்றொரு புறம். இருசாராரும் கூறுவனவற்றுள் எவை உண்மை, எவை மயக்கம் என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வது நமது நோக்கமாகும். இம்மயக்கங்களுள் பெரும்பாலானவை ஒரே வேரிலிருந்து முளைத்தவை. தானே விரும்பி, எல்லை வகுத்துக்கொண்டு உண்ணாதிருப்பது நோன்பு. பிறரோ காலக்கேடோ திணிக்க, முடிவறியாது உண்ணாதிருப்பது பட்டினி. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும்போதே பிழை பிறக்கின்றது.

இது மேனாட்டார் அண்மையிற் கண்ட புதுமை என்பது முதலாவது தவறான கருத்து. 2012-இல் மைக்கேல் மோஸ்லி என்பார் பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகத்தின் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் வாரத்துக்கு 2 நாள் நோன்பைப் பற்றி எடுத்துரைத்தபின் இது பெரிதும் பரவியது உண்மையே. ஆயின் பெயர்தான் புதிது. நண்பகலுக்குப்பின் உணவு கொள்ளாதிருத்தல் பௌத்த துறவியர்க்கு விதிக்கப்பட்ட ஒழுக்கம்; அவ்விதியைக் கைக்கொள்ளும் பிக்குகள் இலங்கையில் இன்றும் உளர். கதிரவன் மறைந்தபின் உண்ணாமை சமணர் அறம். மாதம் இருமுறை வரும் ஏகாதசி வைணவர்க்கும், மாசித் தேய்பிறையில் வரும் சிவராத்திரி சைவர்க்கும் நோன்பு நாட்கள். வைகறை முதல் கதிரவன் மறையும்வரை நீரும் பருகாமல் ஒரு திங்கள் முழுவதும் இசுலாமியர் ரமலான் நோன்பு நோற்கின்றனர். கிறித்தவர்க்கு உயிர்ப்புத் திருநாளுக்கு முன்னர் 40 நாள் தவக்காலம் உண்டு.

நாளொன்றுக்கு மூன்று வேளை உண்பதே என்றுமுள்ள இயற்கை நெறி என்று கருதுவதும் இதனோடு சேர்ந்த பிழையே. நம் உழவர் குடிகளிற் பலர், காலையிற் கூழும் மாலையிற் களியுமாக இரு வேளை உணவோடு உழைத்து வந்தனர். காலைச் சிற்றுண்டியும் மாலைக் காப்பியும் பிற்காலத்து வரவுகள்.

முன்னோர் செய்தனர், ஆதலின் இஃது உடல்நலத்துக்காகவே ஏற்பட்டது என்பது இரண்டாவது கருத்து. இதனை வரலாறு முழுதும் ஏற்பதில்லை. வயிறு கெட்டபோதும் காய்ச்சல் கண்டபோதும் உணவை நிறுத்தும் 'இலங்கணம்' நம் மருத்துவத்தில் உண்டு என்பது மெய். முன்னுண்டது செரித்தபின் அளவறிந்து உண்ணவேண்டும் என்பதனைத் திருக்குறளின் 'மருந்து' அதிகாரமும் வற்புறுத்துகின்றது. ஆனால் மருத்துவரின் இலங்கணம் வேறு. வழிபடுவோரின் விரதம் வேறு. சான்றோர் உயிர்துறக்க மேற்கொண்ட உண்ணாநோன்பு முற்றிலும் வேறு. சங்க காலத்தில் கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர்நீத்தான். அவனைக் கண்டறியாமலே நட்புக் கொண்ட பிசிராந்தையாரும் வந்து உடன் உயிர் துறந்தார். செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில், ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்கு முற்பட்டதெனக் கருதப்படும் வட்டெழுத்துக் கல்வெட்டொன்று உள்ளது. சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் 57 நாள் உணவு நீத்து உயிர்துறந்த செய்தியை அது கூறுகின்றது. இவர்கள் உடல்நலம் நாடி நோற்றவர் அல்லர். உடலையே துறக்க நோற்றவர்.

நம் காலத்துக்கு வருவோம். பங்காருபாளையம் இன்று ஆந்திரப் பிரதேசத்தில் இருப்பதற்கே ஒரு நோன்போடு தொடர்பு உண்டு. தெலுங்கு மக்களுக்குத் தனி மாநிலம் வேண்டிப் பொட்டி ஸ்ரீராமுலு 1952 அக்டோபர் 19-ஆம் நாள் சென்னையில் உண்ணாநோன்பு தொடங்கினார். 58-ஆம் நாளாகிய டிசம்பர் 15-ஆம் நாளன்று உயிர்நீத்தார். அதன் விளைவாக 1953 அக்டோபர் 1-ஆம் நாள் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டம் அதனுட் சேர்ந்தது. தமிழர் மிகுந்த திருத்தணிப் பகுதி 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் மீண்டும் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்னும் பெயர் வேண்டும் என்பதைக் கோரிக்கைகளுள் ஒன்றாகக் கொண்டு 1956-இல் விருதுநகரில் நோன்பிருந்த சங்கரலிங்கனாரும் அவ்வாண்டு அக்டோபர் 13-ஆம் நாள் உயிர்துறந்தார். இலாகூர்ச் சிறையில் 1929-இல் யதீந்திரநாத் தாஸ் 63-ஆம் நாளும், இலண்டன் சிறையில் 1920-இல் அயர்லாந்தின் டெரன்ஸ் மக்ஸ்வினி 74-ஆம் நாளும் மாண்டனர்.

கல்வெட்டுக் கூறும் 57 நாளையும் இருபதாம் நூற்றாண்டுக் கணக்குகளையும் ஒப்பிட்டு நோக்குக. நாடும் காலமும் நோக்கமும் வேறாயினும் மனித உடலின் எல்லை ஏறத்தாழ ஓரிடத்தில் வந்து நிற்கின்றது. நோன்பு என்ற சொல் புனிதமானதாக இருக்கலாம். உடலோ தன் கணக்கை விட்டுக்கொடுப்பதில்லை.

அவ்வுடற்கணக்கு யாது? இதனை அறிந்தால், ஒரு வேளை தவறினாலே உடல் நலியும் என்னும் மூன்றாவது மயக்கம் நீங்கும். நாம் உண்ட மாவுப்பொருளின் ஒரு பகுதியைக் கல்லீரல், கிளைக்கோஜன் என்னும் பொருளாகச் சேமித்து வைக்கின்றது. அதன் அளவு ஏறத்தாழ 100 கிராம். உணவு நின்றபின் ஏறக்குறைய ஒரு நாள் வரையில் இச்சேமிப்பு இரத்தத்தில் சர்க்கரையை நிலைநிறுத்த உதவும். அது குறையக் குறைய உடலின் கொழுப்பு கரைந்து எரிபொருளாகும். நோன்பு நாட்கணக்கில் நீளுமாயின், கொழுப்பிலிருந்து கல்லீரல் ஆக்கும் கீட்டோன் பொருள்களை மூளையும் ஏற்றுக்கொள்கின்றது. இவ்வுண்மையை 1967-இல் ஜார்ஜ் காஹில் என்பாரும் அவர் தோழர்களும் பாஸ்டன் நகரில் தெளிவுபடுத்தினர்.

அதே நகரில் 1912-இல் பிரான்சிஸ் பெனடிக்ட் என்னும் விஞ்ஞானி, நீர் மட்டும் பருகி 31 நாள் நோன்பிருந்த ஒருவரை நாள்தோறும் அளந்து ஆராய்ந்தார். அம்மனிதர் ஏறத்தாழ 13 கிலோ எடை இழந்தார். எனினும் உயிருக்கு ஊறு நேரவில்லை. 2000-இல் வெளியான வியன்னா ஆராய்ச்சியொன்றில், நலமுள்ள 11 பேர் நான்கு நாள் உணவின்றி இருந்தபோது, முதல் நாட்களில் அவர்கள் உடல் ஓய்வில் செலவிடும் ஆற்றல் சற்றே கூடியது, குறையவில்லை. ஆகவே நலமுள்ள பருவத்தார் ஒருவர் ஒரு வேளை உணவை விடுவதனால் உடலின் அடுப்பு அணைந்துவிடும் என்னும் அச்சம் ஆதாரமற்றது. ஒருபொழுது இருந்து வயலில் உழைத்த நம் பாட்டன்மார் இதனைச் சோதனைச்சாலை இன்றியே அறிந்திருந்தனர்.

இவ்விடத்தில்தான் நான்காவது மயக்கம் தலைதூக்குகின்றது. உடல் தாங்குகின்றது என்றால் குறைந்த உணவே எப்போதும் போதும் அன்றோ என்று சிலர் வாதிடுவர். இவ்வாதம் எளியதாகத் தோன்றலாம். இவ்வாதத்துக்கு ஒரு முறை நம் நாடு கொடுத்த விலை பெரிது.

1876-இல் பருவமழை பொய்த்தது. 1878 வரை தென்னாட்டை வாட்டிய அப்பஞ்சத்தைத் தாது வருடப் பஞ்சம் என்று தமிழர் இன்றும் நினைவுகூர்வர். அக்காலத்தில் பங்காருபாளையம் வட ஆர்க்காடு ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. அந்த ஜில்லாவின் தலைநகரே சித்தூர்தான். சித்தூர் தனி மாவட்டமானது 1911-இல். பஞ்சம் மிகக் கொடிதாகத் தாக்கிய ஜில்லாக்களுள் வட ஆர்க்காடும் ஒன்று. பசித்தவர்க்கு அரசாங்கம் நிவாரண வேலை அளித்தது: கல் உடைத்தல், மண் சுமத்தல், ஏரி வெட்டுதல் ஆகியவை. அவ்வேலைக்குக் கூலி எவ்வளவு என்பதே வழக்காயிற்று.

வைசிராய் லிட்டன் பிரபுவின் சார்பில் 1877 ஜனவரியில் சர் ரிச்சர்டு டெம்பிள் சென்னை மாகாணத்துக்கு வந்தார். செலவைக் குறைக்கவேண்டும் என்பதே அவர்க்கு இடப்பட்ட பணி. வேலை செய்யும் ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு இராத்தல் தானியத்தின் விலையும், மற்றச் செலவுக்குச் சிறு காசும் போதும் என்று அவர் வகுத்தார். இராத்தல் என்பது ஏறத்தாழ 450 கிராம். இந்நாட்டு மக்கள் சிறிதுண்டு வாழ்பவர். ஆதலின் இவ்வளவைச் சோதித்துப் பார்க்கலாம் என்பது அவர் கொள்கை. சென்னையின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் இதனைக் கடுமையாக மறுத்தார். கடும் உழைப்புச் செய்வோர்க்கு இவ்வளவு போதாது. உடல் நாளுக்குநாள் தன்னைத்தானே தின்று மெலியும். மெலிந்த உடலை நோய் எளிதிற் கொள்ளும் என்று அவர் எடுத்துக்காட்டினார். சில மாதங்களுக்குள் அவ்வளவைக் கைவிட்டு உயர்த்த நேர்ந்தது. ஆனால் அதற்குள் பலர் மடிந்தனர். அப்பஞ்சத்தில் மாண்டவர் தொகை பல இலட்சம்.

கார்னிஷின் கூற்று மெய்யென்பதற்கு 68 ஆண்டுகளுக்குப் பின் அறிவியற் சான்று கிடைத்தது. 1945-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பார், தாமே முன்வந்த 36 இளைஞர்க்கு 24 வாரம் அரைவயிற்று உணவளித்து ஆராய்ந்தார். நாளொன்றுக்கு அவர்கள் பெற்ற உணவு ஏறத்தாழ 1,570 கலோரி. அவர்கள் தம் எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கை இழந்தனர். நாடித்துடிப்புக் குறைந்தது, உடல் குளிர்ந்தது, மனம் சோர்ந்தது, எந்நேரமும் உணவைப் பற்றிய எண்ணமே அவர்களை ஆட்கொண்டது. இனி, டெம்பிள் வகுத்த ஓர் இராத்தல் தானியத்தைக் கணக்கிட்டால் அதுவும் ஏறத்தாழ 1,600 கலோரியே ஆகும். மின்னசோட்டா இளைஞர்கள் நலமான உடலோடு தொடங்கினர், மருத்துவர்கள் உடனிருந்தனர், முடிவுநாள் இன்னதென்று அவர்கள் அறிந்திருந்தனர். வட ஆர்க்காட்டுக் கூலிகளோ பல மாதப் பசிக்குப்பின் கல்லுடைக்க வந்தவர்கள். அவர்க்கு முடிவுநாள் ஏது?

ஒரு நாள் உண்ணாதிருப்பதும் பல மாதம் குறைய உண்பதும் ஒன்றல்ல என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் ஐயமற விளக்குகின்றன. ஏழை பழகிவிட்டான் என்பது எக்காலத்தும் அறிவியல் அன்று. அது வயிறு நிறைந்தவர் கூறும் சமாதானம்.

நோன்பு உடலிலுள்ள நஞ்சுகளையெல்லாம் வெளியேற்றும் என்பது ஐந்தாவது கருத்து. உடலின் கழிவுகளை நீக்குவது கல்லீரலும் சிறுநீரகமும் இரவு பகலாகச் செய்துவரும் தொழில். அதற்கென அவை ஏகாதசிக்குக் காத்திருப்பதில்லை. ஜப்பானிய அறிஞர் யோஷினோரி ஓசுமி 2016-இல் நோபெல் பரிசு பெற்றதை இக்கருத்துக்குச் சான்றாகப் பலர் காட்டுவர். உணவு குன்றியபோது உயிரணு தன்னகத்துள்ள பழுதுற்ற பகுதிகளைத் தானே சிதைத்து மீண்டும் பயன்படுத்திக்கொள்ளும் செயலை அவர் ஆராய்ந்தார் என்பது மெய். ஆனால் அவர் அதனை முதன்மையாகக் கண்டது ஈஸ்ட் எனப்படும் நுண்ணுயிரில். மனிதன் எத்தனை மணி நேரம் உண்ணாதிருந்தால் எந்நோய் நீங்கும் என்று அப்பரிசு வரையறுக்கவில்லை.

எதை உண்டாலும் தாழ்வில்லை, நேரத்தைக் காத்தாற் போதும் என்பது ஆறாவது மயக்கம். இதற்கு நம் மொழியிலேயே ஓர் இனிய சான்றுண்டு. 'பலாகாரம்' என்பது பழ உணவு எனப் பொருள்படும் வடசொல். விரத நாளில் சோற்றை நீக்கிப் பழம் உண்டதைக் குறித்த அச்சொல், நாளடைவில் 'பலகாரம்' எனத் திரிந்து இட்டிலி, தோசை, வடை, முறுக்கு ஆகியவற்றைக் குறிக்கலாயிற்று. ஒரு வேளைச் சோற்றை விடுத்து, இரு வேளைச் சோற்றுக்கு மிகுதியான எண்ணெயும் சர்க்கரையும் உட்கொண்டு, விரதம் முடித்தோம் என்று மகிழ்வார் எக்காலத்தும் உளர். சொல்லின் வரலாறே அவர் வரலாற்றைக் கூறிவிடுகின்றது.

அண்மை ஆராய்ச்சிகளும் இதனையே உணர்த்துகின்றன. 2020-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில் 116 பேர் இரு பிரிவாயினர். 12 வாரம் 8 மணி நேரத்துக்குள் மட்டும் உண்டவர்க்கும், மூன்று வேளை உண்டவர்க்கும் எடைக்குறைவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. 2022-இல் சீனாவின் குவாங்சௌ நகரத்து ஆய்வில், உடல் பருத்த 139 பேர் ஓராண்டு அளவு குறைத்து உண்டனர். அவருள் 8 மணி நேர எல்லையையும் கைக்கொண்டவர் சராசரி 8.0 கிலோவும், அளவை மட்டும் குறைத்தவர் 6.3 கிலோவும் இழந்தனர். இவ்வேறுபாடு புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்கதாக இல்லை. ஆக, இடைவிட்ட நோன்பு பயனற்றது என்று கூறுதல் பொருந்தாது. அளவாக உண்பதற்கு அது சிலர்க்கு எளிய வழியாகலாம். அதற்கு மேற்பட்ட மந்திரம் எதுவும் அதனிடத்து இல்லை.

ஏழாவது மயக்கமே மிகவும் இன்னல் விளைப்பது. நோன்பு எல்லார்க்கும் ஏற்றது என்பதே அது. இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு உடையவர் என்று 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கணக்கிட்டது. இன்சுலின் ஊசியோ, சர்க்கரையைத் தாழ்த்தும் சில மாத்திரைகளோ கொள்பவர், மருந்தை வழக்கம்போல் கொண்டு உணவை நிறுத்துவாராயின், இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்துவிடும். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் ஆகியன முதலில் தோன்றும். கவனியாதுவிடின் நினைவு தப்பும். உயிருக்கும் கேடு நேரலாம். 13 நாடுகளில் நீரிழிவுடைய இசுலாமியர் 12,000-க்கு மேற்பட்டோரிடை நிகழ்த்தி 2004-இல் வெளியிட்ட ஆய்வில், ரமலான் மாதத்தில் இத்தகைய கடுந்தாழ்வு, இளமையில் தோன்றும் முதல் வகை நீரிழிவில் 4.7 மடங்கும், இரண்டாம் வகையில் 7.5 மடங்கும் மிகுந்தது தெரியவந்தது. இஃது ஒரு சமயத்தார்க்கு மட்டும் உரியதன்று. சனிக்கிழமை விரதத்துக்கும் ஏகாதசிக்கும் பொருந்தும் எச்சரிக்கையாகும்.

வியப்பு யாதெனின், இவ்வறிவு நம் சமய நெறிகளிலேயே பொதிந்திருந்தது. நோயாளியும் வழிச்செல்வோரும் ரமலான் நோன்பைப் பிறிதொரு நாளுக்குத் தள்ளலாம் என்று திருக்குர்ஆன் இடந்தருகின்றது. எட்டு வயது கடந்து எண்பது நிறையாதவர்க்கே ஏகாதசி விதி என்று தரும நூல்கள் வரையறுத்தன. நீரும் பாலும் கனியும் மருந்தும் கொள்வதனால் விரதம் கெடாது என்றும் கூறின. கத்தோலிக்கத் திருச்சபை நோன்பின் கடமையைப் பருவம் எய்தியவர்க்கே விதித்து, 60-ஆவது வயது தொடங்கியபின் விலக்களிக்கின்றது. நோன்பை முடிக்கும் முறையும் அறிவுடையதே. துவாதசிப் பாரணையில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும், இசுலாமியர் இல்லங்களில் பேரீச்சம்பழமும் நோன்புக்கஞ்சியும் முதலிடம் பெறுகின்றன. நெடும் பட்டினிக்குப்பின் ஒருங்கே மிகுதியாக உண்பது உயிருக்கே இடராகலாம் என்பதை, இரண்டாம் உலகப்போரில் சிறை மீண்டோரிடம் மருத்துவர் கண்டனர்.

ஆகவே கருவுற்ற மகளிர், பாலூட்டும் தாய்மார், வளரும் குழந்தைகள், மெலிந்த முதியோர், உணவை வெறுக்கும் மனநோய் உற்றோர் ஆகியோர் நீண்ட நேரம் உண்ணாதிருத்தல் தகாது. நீரிழிவுக்கு மருந்து கொள்வோர் நோன்பு நாளுக்கு முன்பே மருத்துவரைக் கலந்து மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ளவேண்டும். 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்குமாயின், அக்கணமே நோன்பை முடித்துச் சர்க்கரையோ வெல்லமோ கரைத்த நீரைப் பருகவேண்டும். அதனால் எந்தத் தெய்வமும் சினவாது. வீட்டில் முதியவர் ஒருவர் பிடிவாதமாக விரதம் காப்பாராயின், அவர் அருகிருந்து நலம் கேட்பது இளையோரின் கடமை.

நோன்பைப் பழிக்கவும் வேண்டா. அதனை மருந்துக்கடையாக்கவும் வேண்டா. யார் நோற்கின்றார், எவ்வளவு நேரம் நோற்கின்றார், விரும்பி நோற்கின்றாரா, நோன்பு முடிந்தபின் அவர்க்கு உணவு காத்திருக்கின்றதா என்னும் நான்கு வினாக்களுக்கும் விடை கண்டபின்னரே நன்று, தீது என்று கூறல் தகும். பங்காருபாளையத்து மக்கள் ஒருபொழுது என்று பெயரிட்டபோது, விட்ட வேளையை எண்ணிப் பெயரிடவில்லை. உண்ணும் அந்த ஒரு வேளையை எண்ணியே பெயரிட்டனர். அந்த ஒரு வேளை உறுதியாக உள்ளவர்க்கே மற்ற வேளைகளை விடுவது நோன்பாகும். அது கிடையாதவர்க்கு நாம் உபதேசிக்க வேண்டுவது விரதம் அன்று. அவர்க்கு நாம் அளிக்க வேண்டுவது உணவு.